ரொசிட்டாவுக்கு ஆறு குரல்

"பரவாயில்ல தாயி, நான் ஒண்ணும் பெருசா எதிர்பார்க்கலயே."

இப்ப போன்ல இப்படித்தானக்கா சொன்னீங்க? தப்பா நினைக்காதீங்க. ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. பக்கத்து சீட்டு, காதுல விழுந்துடுச்சு. அந்தப் பக்கம் உங்க மக சிரிச்சதுகூட எனக்குக் கேட்டுச்சு. பேச்சுப் போட்டியா? பாட்டுப் போட்டியா, சரி. மூணாவது பரிசுகூட இல்ல. ஆனா சிரிச்சா பாத்தீங்களா, அதான்க்கா எனக்குப் புரியல. இதே வார்த்தையைத்தான் நானும் ஒரு பொண்ணுகிட்ட சொன்னேன். ஒரு எழுத்து மாறாம. அவ பதினொரு நாளா பள்ளிக்கூடத்துக்கே வரல.

உங்களுக்குத் தூத்துக்குடிதானே? அப்ப நேரம் இருக்கு. கடைசியில உங்ககிட்ட ஒரு உதவி கேப்பேன், முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். பை இடிக்குதா? மன்னிச்சுக்கோங்க, ஈரமா வேற இருக்கு. நான் மடியிலயே வச்சுக்கிறேன்.

நான் டீச்சர்க்கா. பெனிட்டா. எட்டு, ஒன்பதுக்கு அறிவியல் எடுக்கிறேன். பேசவே மாட்டேன். இப்ப உங்ககிட்ட இவ்வளவு பேசுறேன்னு சொன்னா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க. உன் குரல் பந்தியில பக்கத்து இலைக்குக்கூட கேக்காதுடின்னு அம்மா சொல்லுவாங்க. கிளாஸ்ல அட்டென்டன்ஸ் எடுத்தாலே பின்னால இருந்து "டீச்சர் கேக்கல"ம்பாங்க. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு ஃபுட்பால் டீமைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க ஹெட்சிஸ்டர். பி.டி. டீச்சர் கிரேஸ்மேரி பிரசவத்துக்கு லீவு போட்டாங்க. "நீ சின்னப் பொண்ணு, கல்யாணம் ஆகல, பிள்ளைங்ககூடப் போய்ட்டு வா"ன்னாங்க. அவ்வளவுதான் தகுதி.

கிரேஸ்மேரி டீச்சர் ஒரு விசில் அடிச்சா ஹார்பர்ல கேக்கும். "ஏட்டி, அது காலா கம்பா, மடக்கி அடிட்டி!"ன்னு கத்துவாங்க. பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே ஓடும். நான் போய் நின்னா, நான் வந்ததே யாருக்கும் தெரியாது. முதல் நாள் பத்து நிமிஷம் கிரவுண்ட் ஓரத்துல நின்னுட்டு வந்துட்டேன்.

டீம்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு போன்ல தேடினேன். ஒரு கேம் வந்துச்சு. ஃபுட்பால்தான், ஆனா நாம பந்தை உதைக்க வேண்டாம். நாமதான் மேனேஜர். யார் ஆடணும், எங்க நிக்கணும்னு சொல்லணும். மேட்சுக்கு முன்னால, ஹாஃப் டைம்ல, முடிஞ்சப்புறம் டீம்கிட்ட பேசணும். பேசுறதுன்னா வாயால இல்ல. முதல்ல டோன் எதுன்னு தொடணும். ஆறு இருக்கும். நிதானம், எச்சரிக்கை, உறுதி, ஆவேசம், கோபம், சலிப்பு. அப்புறம் கீழ நாலஞ்சு வாக்கியம் வரும், அதுல ஒண்ணைத் தொடணும். தொட்ட உடனே பதினொரு பேர் பேருக்கு நேரா என்ன ஆச்சுன்னு வந்துடும். பச்சைன்னா உற்சாகமாயிட்டான். சிவப்புன்னா மனசு உடைஞ்சிட்டான். சாம்பல் கலர்னா காதுலயே வாங்கல.

விளையாட்டுன்னு சிரிக்காதீங்கக்கா. முதல் தடவை ரெண்டு கோல் வாங்கிட்டு உள்ள வந்தாங்க. நான் நிதானத்தைத் தொட்டு, "உங்ககிட்ட எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்ல, போய் சந்தோஷமா ஆடுங்க"ங்கிறதைத் தொட்டேன். ஏழு பேர் பச்சை! மூணு கோல் போட்டு ஜெயிச்சாங்க. ஸ்டாஃப் ரூம்ல சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதுட்டேன். வாழ்க்கையிலேயே நான் சொன்னதை ஏழு பேர் கேட்டது அன்னைக்குத்தான்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். பிள்ளைங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். தேதி, என்ன டோன், மூஞ்சி எப்படி மாறுச்சு. செலின்னா கோபம் வேலை செய்யும். கோல் கீப்பர் அபிராமிக்கு எச்சரிக்கை ஆகாது, கை நடுங்கும். ரொசிட்டாவுக்கு நிதானம். எல்லாம் எழுதி வச்சிருக்கேன். இந்தா பாருங்க, நூறு பக்கம் தாண்டிடுச்சு. இவ்வளவு கவனமா எந்த டீச்சரும் பாத்திருக்க மாட்டாங்க. இதை நானே சொல்லக் கூடாது. ஆனா உண்மை.

ரொசிட்டாதான் அந்தப் பொண்ணு. பதினொண்ணாம் கிளாஸ். கடற்கரை ஊரு. இப்ப நான் ஏறினேனே, அந்த ஸ்டாப்புதான். கறுத்து, மெலிஞ்சு, ஓடினா மண்ணுல கால் படுதான்னு சந்தேகமா இருக்கும். டீம் கேப்டன்.

முதல் மேட்ச் ஹாஃப் டைம். கோல் இல்ல. நான் உறுதி டோன்ல, "இதை ஜெயிக்கிற தகுதி உங்களுக்கு இருக்கு"ன்னு சொன்னேன். யாருக்கும் கேக்கல. செலின் வாய்ல தண்ணியை வச்சுக்கிட்டு, "டீச்சர் என்னமோ சொல்லுதாங்கட்டி"ன்னா. அப்ப ரொசிட்டா எழுந்து நின்னு, "டீச்சர் என்ன சொல்லுதாங்கன்னா, லெஃப்ட்ல அந்த நெட்டச்சி மூச்சு வாங்குதா. பந்தை அந்தப் பக்கமே அடிங்க. அபி, நீ முன்னால வராத, நான் பின்னால வாரேன்"ன்னா. நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா. எனக்கு லெஃப்ட் எது ரைட் எதுன்னே சரியாத் தெரியாது. ஆனா டோன் அவளுக்குப் புரிஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு கோல். நோட்டுல 'உறுதி, டீம் முழுக்கப் பச்சை'ன்னு எழுதினேன்.

ரெண்டாவது மேட்சும் அப்படித்தான். நான் மெதுவா சொல்லுவேன், அவ திரும்பி நின்னு, "டீச்சர் என்ன சொல்லுதாங்கன்னா"ன்னு ஆரம்பிப்பா. செமி ஃபைனல்லயும் அதேதான். மூணு மேட்ச்ல ஆறு கோல். அஞ்சு ரொசிட்டா போட்டது. டோன் எவ்வளவு முக்கியம்னு எனக்கு அப்பத்தான் முழுசா விளங்குச்சு.

ஃபைனல் சனிக்கிழமை. அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு ஸ்கூல் பஸ்ல வந்தோம். ரொசிட்டா என் பக்கத்துல வந்து உக்காந்தா. எப்பவும் பின்னால உக்காந்து பாட்டுப் பாடுற பொண்ணு. ரொம்ப நேரம் பேசினா. ஏதோ வீட்டு விஷயம். மூஞ்சி வாடியிருந்துச்சு. நான் அதைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன், அவ பக்கத்துல. இந்தா, செவ்வாய்: 'மனநிலை தாழ்வு. கண்ணு கலங்கியிருக்கு. நிதானம் தேவை.' நானும் நிதானமா, "எல்லாம் சரியாயிடும் ரொசிட்டா"ன்னேன். அவ எழுந்து பின் சீட்டுக்குப் போயிட்டா. பாட்டுப் பாடல.

அன்னைக்கும் டோன் சரியாத்தான் இருந்துச்சுக்கா.

ஃபைனல்ல எதிர் டீம் பெரிய பள்ளிக்கூடம். எல்லாரும் ஒரே மாதிரி சாக்ஸ் போட்டிருந்தாங்க. ஹாஃப் டைம்ல ரெண்டு கோல் வாங்கிட்டு வந்துச்சுங்க நம்ம பிள்ளைங்க. அபிராமி அழுறா. செலின் முட்டியில ரத்தம். பைக்குள்ள போனை வச்சுக்கிட்டு, கேம்ல நான் ஆடின பழைய மேட்ச் ஒண்ணை எடுத்துப் பாத்தேன். ரெண்டு கோல் பின்னால, எதிர் டீம் பெருசு. அதே நிலைமை! நிதானம், எதிர்பார்ப்பு இல்ல. ஏழு பேர் பச்சை.

நான் எழுந்து நின்னேன். ரொசிட்டாவைப் பாத்துத்தான் சொன்னேன், கேப்டன் அவதானே. "பரவாயில்ல, நான் ஒண்ணும் பெருசா எதிர்பார்க்கல. போய் சந்தோஷமா ஆடுங்க."

அவ என்னையே பாத்தா. "எதிர்பார்க்கலயா டீச்சர்?"ன்னு கேட்டா.

பாரம் இறங்கினா அப்படித்தான் கேப்பாங்கன்னு நினைச்சேன். "இல்லம்மா, ஒண்ணுமே இல்ல"ன்னு இன்னும் நிதானமா சொன்னேன்.

பின்னால இருந்து செலின், "என்னட்டி சொன்னாங்க டீச்சர்?"ன்னு கேட்டா. எல்லாப் பிள்ளைங்களும் ரொசிட்டாவைப் பாக்குதுங்க. அவ எழுந்து நிக்கல. லேஸைக் கட்டிக்கிட்டே, "ஒண்ணும் சொல்லல"ன்னா.

ரெண்டாவது பாதி முழுக்க நடுவுல நின்னா. நின்னான்னா, நின்னா அவ்வளவுதான். பந்து காலுக்கு வந்தா பக்கத்துல தள்ளிவிடுவா. நாலு கோல்ல தோத்தோம். முடிஞ்சதும் போய், "உன்னால முடிஞ்சதைச் செஞ்ச ரொசிட்டா"ன்னேன், அதுவும் நிதானத்துல. அவ பையிலிருந்து ஒரு பேப்பரைப் பாதி எடுத்தா. மறுபடி உள்ளயே வச்சுட்டு பஸ் ஏறிட்டா. திங்கள்கிழமை வரல. செவ்வாயும் வரல. ஃபார்வர்டுல ஆட ஆள் இல்லாம பிராக்டிஸே நின்னுபோச்சு.

வேடிக்கை என்னன்னா, புதன்கிழமை ஸ்கூலுக்கு ஒரு லிஸ்ட் வந்துச்சு. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் ட்ரையலுக்கு மாவட்டத்துல எட்டுப் பேர். அதுல ரொசிட்டா பேரு! செமி ஃபைனலைப் பாத்துட்டு எழுதியிருக்காங்க. எடுத்துட்டா சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. ட்ரையல் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. அப்பா கையெழுத்துப் போட்ட ஃபார்மோட வரணும். வரலைன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவாங்க. அவளுக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதான் கடைசி.

போன் பண்ணினேன், எடுக்கல. அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ஒரு டோன் சரிப்படலைன்னா இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். ஆறு நாள், ஆறு டோன். எழுதி வச்சு, வீட்டு மொட்டை மாடியில பத்துத் தடவை பழகிட்டு அனுப்பினேன். முதல் நாள் நிதானம்: "ரொசிட்டா, ட்ரையலுக்கு உன் பேர் வந்திருக்கு, வந்துடும்மா." ரெண்டாவது எச்சரிக்கை: "இந்த வாய்ப்பு திரும்ப வராது, பாத்துக்கோ." மூணாவது உறுதி: "நீ வரணும்." நாலாவது ஆவேசம்: "நீ பிறந்ததே இதுக்குத்தான் ரொசிட்டா!" அஞ்சாவது கோபம்: "என்னதான் நினைச்சிட்டிருக்க உன் மனசுல?" அதைச் சொல்லிட்டு எனக்கே மூச்சு வாங்குச்சு. ஆறாவது சலிப்பு: "சரி, உன் இஷ்டம்."

ஆறுக்கும் நீல டிக் வந்துச்சுக்கா. பதில் மட்டும் இல்ல.

அதான் இன்னைக்கு லீவு போட்டுட்டு நானே கிளம்பி வந்தேன். முன்ன பின்ன ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டினவ இல்ல நான். அவங்க அப்பா சூசைமிக்கேல், ஐஸ் பிளான்ட்ல வேலை. நல்ல மனுஷன். நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். கலர் சோடா வாங்கிட்டு வரச் சொன்னார். நான் எச்சரிக்கையா ஆரம்பிச்சேன். "சார், நீங்க கையெழுத்துப் போடலைன்னா..."

"கையெழுத்து நான் ஃபைனலுக்கு முன்னாலயே போட்டுட்டேன்லா டீச்சர்!"ன்னார் அவர். "செமி ஃபைனல் அன்னைக்கே அந்த ஹாஸ்டல்காரங்க அவ கையில ஃபார்மைக் குடுத்துட்டாங்க. மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் விட்டுட்டு எப்படி இருக்க? டீச்சர் வந்து பேசுவாங்க, டீச்சர் வந்து பேசுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க வரக் காணும். வியாழன், வெள்ளி ரெண்டு நாள் பச்சத் தண்ணி பல்லுல படாமக் கிடந்தா. எனக்கு மனசு கேக்கல, போட்டுட்டேன். ஃபைனல்ல கப்பு வாங்கிட்டு டீச்சர் கையில குடுப்பேன்னு மடிச்சு எடுத்துட்டுப் போனா. இப்ப நானே போன்னு சொல்லுதேன், அவதான் வேண்டாம்னுட்டா. இறால் கம்பெனிக்குப் போய்க்கிட்டிருக்கா."

பாருங்க, அப்பா தடை இல்ல. அப்ப பிரச்சினை வேற எதுவும் இல்ல, நான் சரியான டோனைப் பிடிக்கல, அவ்வளவுதானே?

அந்த நேரத்துல ரொசிட்டாவே வந்துட்டா. காலை ஷிஃப்ட் முடிஞ்சு, சாப்பிட்டுட்டு மறுபடி ரெண்டு மணிக்குப் போகணுமாம். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப்போயிருந்துச்சு. நீலத் துணித் தொப்பி கையில. என்னைப் பாத்து, "வாங்க டீச்சர்"னு சொல்லிட்டு சுவத்துல சாஞ்சு நின்னா. நேர்ல ஆவேசம் எடுபடும்னு நோட்டுல குறிச்சு வச்சிருந்தேன். எழுந்து நின்னு, "நீ பிறந்ததே இதுக்குத்தான் ரொசிட்டா!"ன்னேன்.

"இது நாலாவது மெசேஜ்லா டீச்சர்?"ன்னா.

எனக்கு முகமெல்லாம் சுட்டுப்போச்சு. அவ சொல்றா, "கம்பெனியில இடைவேளைக்கு எல்லா அக்காமாரும் கேட்டாங்க. அஞ்சாவதுதான் நல்லாருக்குன்னாங்க. உங்க டீச்சருக்கு இம்புட்டுக் கோபம் வருமாட்டின்னு ஒரே சிரிப்பு." சொல்லும்போது அவ சிரிக்கல.

"எந்த டோன்ல சொன்னா நீ வருவ?"ன்னு கேட்டேன். வெக்கத்தை விட்டுத்தான் கேட்டேன்க்கா. எனக்கு வேற வழி தெரியல.

அவ கையை நீட்டி, "அந்த நோட்டைத் தாங்க டீச்சர்"னா. குடுத்தேன். அவ பக்கத்தை எடுத்தா. ஈர விரல், பேப்பர்ல ஒட்டுது. செவ்வாய்க்கிழமையை எடுத்துச் சத்தமா வாசிச்சா. "மனநிலை தாழ்வு. கண்ணு கலங்கியிருக்கு. நிதானம் தேவை." வாசிச்சிட்டு, "அன்னைக்கு பஸ்ல நான் உங்ககிட்ட என்ன சொன்னேன் டீச்சர்?"ன்னு கேட்டா.

நான் யோசிச்சேன். நல்லா யோசிச்சேன். அந்தப் பக்கத்துல அது இல்லையேக்கா. எழுதியிருந்தா சொல்லியிருப்பேன். "வீட்டு விஷயம் ஏதோ..."ன்னேன்.

அவங்க அப்பா தரையைப் பாத்தார். அவ நோட்டை மூடி என் கையில குடுத்துட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர். மீன் கொழம்பு இருக்கு"ன்னா. நல்ல நிதானமான குரல். நான் பழகின நிதானம்கூட அவ்வளவு சுத்தமா வராது.

இப்ப அந்த உதவி. கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க மக தோத்துட்டு வந்து நிக்கிறா. நீங்க எதிர்பார்க்கலன்னு சொன்னீங்க, அவ சிரிச்சா. நான் அதையே சொன்னேன், என் பொண்ணு உடைஞ்சுபோனா. அப்ப வித்தியாசம் குரல்லதானே இருக்கு? இந்த ஆறுல எதுலயும் சேராத ஏதோ ஒண்ணு உங்க குரல்ல இருக்கு. நான் கவனிச்சுக்கிட்டேதான் வர்றேன். இந்தா போன். "ரொசிட்டா, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு தாயி"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. என் பேர்ல அனுப்ப மாட்டேன், உங்களை யாருன்னும் சொல்ல மாட்டேன். இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கு. உப்பளம் வந்துடுச்சு, அடுத்து ஊருக்குள்ள போயிடும், ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. சொல்லுங்கக்கா. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

பையா? பையில என்னன்னா கேக்குறீங்க?

அவதான் குடுத்தா. சாப்பிட்டதும் என்னை ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட வந்தா. வீட்ல இருந்தே இந்தப் பையைத் தூக்கிட்டு வந்தா. கருவாடு குடுத்தனுப்புறாங்க போலன்னு நினைச்சு, "எதுக்கும்மா இதெல்லாம்"னுகூட சொன்னேன். ரெண்டு பேரும் ஸ்டாப்புல கோயில் கொடிமர நிழல்ல நின்னோம். "நாளைக்கு ஏழு மணி ரொசிட்டா"ன்னேன், டோன் எதுன்னு எனக்கே தெரியல. "பஸ் வருது டீச்சர்"னா. நான் ஏறி இந்த ஜன்னல் சீட்டைப் பிடிச்சேன். அவ எட்டி, கம்பி வழியா பையை என் மடியில வச்சா. திறந்து பாத்தேன். ஸ்கூல்ல அவளுக்கு ஆடக் குடுத்த பூட்ஸ். ஒன்பதாம் நம்பர் போட்டது. அடியில இருந்த மண்ணையெல்லாம் ஈர்க்குச்சியால நோண்டி எடுத்து, கழுவி, ரெண்டு லேஸையும் சேர்த்து ஒரே முடிச்சாப் போட்டிருந்தா. நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள பின்னால கம்பெனி வேன் வந்து நின்னுச்சு. அவ அந்த நீலத் தொப்பியைத் தலையில மாட்டி, முடியை உள்ள தள்ளிவிட்டு, அதுல ஏறிட்டா.